ஸ்கோப்பில் நைட் விஷன் மாட்டினால் படம் கெடுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

பகலில் பளிச்சென்று இருந்த துப்பாக்கி ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), இருட்டில் பார்க்க உதவும் நைட் விஷன் கருவியைப் பூட்டியதும் மங்கிப்போகிறது. எங்கள் பட்டறைக்கு அதிகமாக வரும் புகார் இதுதான். பெங்களூர் பீன்யாவில் ஒளியியல் கருவிகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, அச்சு நேராக்கிப் பூட்டிக் கொடுக்கும் வேலை எனக்கு. "நைட் விஷன் போயிடுச்சு அண்ணே, பார்த்துக் கொடுங்க" என்று கொண்டுவருவார்கள். பெஞ்சில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கருவி நன்றாகவே இருக்கும். அதோடு சேராத ஒரு ஸ்கோப்பில் பூட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஸ்கோப்பை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு ஒரு நைட் விஷன் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். இரவுக் கருவி எது என்று முடிவான பிறகு அதற்கேற்ற ஸ்கோப்பை எடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியும் கடைசியில் ஸ்கோப்பின் ஏதோ ஒரு குணத்தில்தான் போய் நிற்கும். அதனால் இதைக் கோளாறு பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கும்போதும் வைத்துக்கொள்ளலாம்.

சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் இங்கே துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். இரவில் பார்க்க முடிகிறது என்பதால் அந்த விதி எதுவும் தளராது. வெளிநாட்டிலிருந்து கருவி வரவழைக்கும் எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் சுங்கத்துறை விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் பணி நிமித்தம் இந்தக் கருவிகளைத் தொடுபவர்கள், இன்னும் சிலர் வெளிநாட்டில் உரிமத்தோடு சுடும் நம்மவர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்னொன்று. கீழே உள்ள எந்தச் சோதனைக்கும் குண்டு தேவையில்லை. துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து, குண்டு அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே துப்பாக்கியை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா

அறிகுறிக்குப் போகும் முன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஸ்கோப்பின் முன் லென்ஸுக்கு எதிரே நிற்பது கிளிப்-ஆன். அது இருட்டை வெளிச்சமான படமாக மாற்றி, அந்தப் படம் முடிவிலியில் இருப்பதுபோல் ஸ்கோப்புக்குள் அனுப்பும். ஒளிபெருக்கி ட்யூப் உள்ளது, வெப்பப் படம் காட்டுவது, டிஜிட்டல் என மூன்றும் இந்த வடிவில் வருகின்றன.

ஐபீஸுக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸுக்கு, பின்னால் பூட்டுவது இன்னொரு வகை. அது ஒரு கேமரா. உங்கள் கண் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்து, ஸ்கோப் காட்டுவதைப் படம் பிடித்துச் சின்னத் திரையில் காட்டும். இதற்கு ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு கட்டாயம் வேண்டும்.

ஒரே அறிகுறிக்கு இந்த இரண்டிலும் வேறு வேறு காரணம் இருக்கும். கேட்ட ஆலோசனை பலிக்கவில்லை என்றால், சொன்னவர் ஒரு வகையை நினைத்துச் சொல்லியிருப்பார், நீங்கள் இன்னொன்றை வைத்திருப்பீர்கள்.

படம் புள்ளி புள்ளியாக, மணல் தூவியதுபோல் தெரிகிறது

முதலில் ஜூம் வளையத்தைப் பாருங்கள். பத்துக்கு மேல் நிற்கிறதா? அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் படம் சட்டென்று தெளிந்தால், கோளாறு என்று எதுவும் இல்லை. உருப்பெருக்கம்தான் அதிகம்.

இது ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கோப் தேர்வில் பணம் வீணாவது இங்கேதான். "அண்ணே, ஆறிலிருந்து இருபத்துநாலு மடங்கு ஜூம் எடுத்தா ராத்திரியும் ரொம்ப தூரம் தெரியும்ல?" என்று பட்டறைக்கு வரும் தம்பி ஒவ்வொருவனும் கேட்பான். தெரியாது. கிளிப்-ஆன் எவ்வளவு நுணுக்கத்தைப் பிடித்ததோ அவ்வளவுதான் ஸ்கோப்புக்குக் கிடைக்கும். ஸ்கோப் அதைப் பெரிதாக்கிக் காட்டும், புதிதாக எதையும் சேர்க்காது.

வெப்பக் கருவி ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். சென்சாரில் ஒரு பிக்சல் 17 மைக்ரான், முன் லென்ஸின் குவிய நீளம் 50 மி.மீ. என்றால், ஒரு பிக்சல் அளக்கும் கோணம் 0.34 மில்லிரேடியன். அதாவது 100 மீட்டரில் ஒரு பிக்சல் 3.4 செ.மீ. அகலத்தை மூடும். அந்த 3.4 செ.மீ.க்குள் என்ன இருந்தாலும் ஒரே புள்ளிதான். 12 மைக்ரான் சென்சார் என்றால் அது 2.4 செ.மீ. ஆகும். இந்தப் புள்ளியை நான்கு மடங்கு பெரிதாக்கலாம், இருபது மடங்கும் பெரிதாக்கலாம். இருபதில் தெரிவது கட்டம் கட்டமான சதுரங்கள்.

ஒளிபெருக்கி ட்யூப்பிலும் இதே கதை. 18 மி.மீ. ட்யூப், மி.மீட்டருக்கு 64 கோட்டு ஜோடி (நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் அளவு), பார்வைக் கோணம் 12 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டால், நல்ல வெளிச்சத்தில் நம் கண் பிரித்தறியும் அளவுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு நுணுக்கம் அதில் இருக்கிறது. மங்கலான பச்சைத் திரையில் கண்ணின் கூர்மை குறைந்துவிடுவதால் ஐந்து, ஆறு மடங்கு வரை ஜூம் செய்தால் கொஞ்சம் பயன் கிடைக்கும். அதற்கு மேல் போனால் ட்யூப்பின் இரைச்சல்தான் பெரிதாகும்.

ஆகவே கிளிப்-ஆனுக்கு வாங்கும் ஸ்கோப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது மேல் எண்ணை (அதிகபட்ச மடங்கு) அல்ல, கீழ் எண்ணை (குறைந்தபட்ச மடங்கு). 2-10, 3-12, 1-6 எல்லாம் சரிப்படும். 5-25 என்றால் தொடக்கமே ஐந்து. இரவு வேலை முழுவதும் அந்த ஒரே எண்ணில் மாட்டிக்கொள்ளும். 6-24 வேண்டவே வேண்டாம்.

பின்னால் மாட்டும் கேமராவில் புள்ளி தெரிந்தால் காரணம் வேறு. வெளிச்சம் போதாமல் சென்சார் தன் உணர்திறனை ஏற்றிக்கொள்வதால் வரும் இரைச்சல் அது. ஸ்கோப்பை நான்கிலிருந்து எட்டுக்கு ஏற்றினால் சென்சாரில் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிடும். அதோடு கேமராவும் தன் பங்குக்குப் படத்தைப் பெரிதாக்கித்தான் காட்டுகிறது, எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால் இங்கேயும் மூன்று, நான்கில் தொடங்கும் ஸ்கோப்தான் கைகொடுக்கும்.

படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம்

தலையைக் கொஞ்சம் முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். வளையம் நிலாப்பிறை மாதிரி ஒரு பக்கம் தடித்து, நீங்கள் அசையும்போது கூடவே நகர்ந்தால், கண் சரியான இடத்தில் இல்லை. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் ரிங்கில் அதை முன்னே பின்னே தள்ளி வைத்தால் தீரும்.

தலை அசைந்தும் வளையம் அசையாமல் நின்றால், ஸ்கோப் பார்க்கும் அகலம் கிளிப்-ஆன் காட்டும் அகலத்தைவிட அதிகம். நீங்கள் பார்ப்பது அதன் திரையின் விளிம்பை. மேலே சொன்ன வெப்பக் கருவியில் அகலவாட்டில் 384 பிக்சல் இருந்தால் பார்வைக் கோணம் ஏழரை பாகை வரும், 100 மீட்டரில் சுமார் 13 மீட்டர். மூன்று மடங்கில் நிற்கும் சாதாரண ஸ்கோப் 100 மீட்டரில் 11 மீட்டரை ஒட்டிக் காட்டும், ஆகவே பக்கவாட்டில் விளிம்பு தெரியாது. இரண்டுக்கு இறக்கினால் தெரியும்.

இப்போது இரண்டு எல்லையும் கையில் இருக்கிறது. கீழே விளிம்பு தெரியத் தொடங்கும் எண், மேலே புள்ளி தெரியத் தொடங்கும் எண். நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் உங்கள் ஸ்கோப் இரவு முழுவதும் வேலை செய்யும். அந்த இடைவெளி முழுவதும் ஜூம் வளையத்தில் இருக்கிறதா என்பதுதான் ஸ்கோப்பைப் பற்றிய முதல் கேள்வி. பிராண்டெல்லாம் அப்புறம்.

பெரிய முன் லென்ஸ் போட்டும் இருட்டாகவே இருக்கிறது

56 மி.மீ. முன் லென்ஸ் உள்ள ஸ்கோப்புக்குக் கூடுதல் பணம் கொடுத்திருப்பீர்கள். கிளிப்-ஆனின் பின்பக்க லென்ஸைப் பாருங்கள். அது 30 மி.மீ. என்றால், 30 மி.மீ. அகலத்துக்குத்தான் ஒளிக்கற்றை ஸ்கோப்புக்குள் போகிறது. மீதிக் கண்ணாடி சும்மா இருக்கிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டிய இடம் கிளிப்-ஆனின் திரை அமைப்பு. அதனால் இந்த வகைக்கு 40, 42, 44 மி.மீ. ஸ்கோப் தாராளம். எடை குறையும், துப்பாக்கி முன்பக்கம் சாயாது.

பின்பக்கக் கேமராவில் நிலைமை நேர்மாறு. அங்கே வெளிச்சம் முழுவதும் ஸ்கோப்பின் முன் லென்ஸ் வழியாகத்தான் வர வேண்டும். 50 மி.மீ.க்கு அங்கே நிஜமான மதிப்பு உண்டு.

அதோடு பூச்சு விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்கோப் லென்ஸின் பூச்சு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மனதில் வைத்துப் போடப்படுவது. சில ஸ்கோப்புகளில் அது அருகு அகச்சிவப்பைக் கணிசமாகத் தடுத்துவிடும். பகலில் அருமையாக இருக்கும் விலை உயர்ந்த ஸ்கோப், ஐஆர் விளக்கில் சுமாராக இருப்பதற்கு இது ஒரு காரணம். கடையிலேயே தோராயமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. டிவி ரிமோட்டை ஒருவர் பிடித்து பட்டனை அழுத்திக்கொண்டிருக்கட்டும். போனின் முன்பக்கக் கேமராவில் அதன் முனை வெண்ணிறமாகவோ ஊதாவாகவோ மின்னும், பல போன்களில் இது தெரியும். அப்புறம் அதே போனை ஸ்கோப்பின் ஐபீஸில் வைத்து, எதிரே சில மீட்டர் தள்ளி ரிமோட்டைப் பாருங்கள். இரண்டு மூன்று ஸ்கோப்பை ஒரே இடத்தில் வைத்து இப்படி ஒப்பிட்டால் எது விழுங்குகிறது, எது விடுகிறது என்று தெரிந்துவிடும். ரிமோட்டின் ஒளி 940 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் விளக்கு 850 என்றால் கொஞ்சம் வித்தியாசம் வரலாம், ஆனாலும் மோசமான ஸ்கோப்பைக் கழித்துக்கட்ட இது போதும்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 850-ல் சென்சார் நன்றாக வேலை செய்யும், விளக்கின் முகத்தில் மங்கலான செந்நிறம் தெரியும். 940-ல் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தூரம் குறையும். எதுவானாலும் நேராக முகத்தில் அடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்பதால் இமை மூடாது, கண்பாப்பாவும் சுருங்காது.

குறுக்குக்கோடு தெளிவு, படம் மங்கல். அல்லது படம் தெளிவு, கோடு மங்கல்

மூன்று இடத்தில் ஃபோகஸ் இருக்கிறது. வரிசை மாறினால் எவ்வளவு திருகினாலும் சேராது.

முதலில் ஐபீஸ். கருவி எதையும் பூட்டாமல், வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்து, குறுக்குக்கோடு (ஸ்கோப்புக்குள் தெரியும் குறி பார்க்கும் கோடு) கத்தி முனைபோல் தெரியும் வரை ஐபீஸ் வளையத்தைத் திருப்புங்கள். பார்த்ததும் சட்டென்று தெளிவாக இருக்க வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானே சமாளித்துக்கொள்ளும், ஏமாந்துவிடுவோம். இதோடு ஐபீஸை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது பேரலாக்ஸ் குமிழ், அதாவது இலக்கின் தூரத்துக்கேற்ப ஸ்கோப்பின் ஃபோகஸைச் சரிசெய்யும் குமிழ். கிளிப்-ஆன் என்றால் இலக்கு 50 மீட்டரில் இருந்தாலும் 200 மீட்டரில் இருந்தாலும் குமிழ் முடிவிலியில்தான் நிற்க வேண்டும். படம் முடிவிலியில் இருந்து வருவதுபோல்தான் வருகிறது என்று முன்பே சொன்னேன். குமிழில் உள்ள குறியை முழுதாக நம்பாமல், திரையின் புள்ளிகளோ இரைச்சலோ கூர்மையாகத் தெரியும் இடத்தைப் பிடியுங்கள். இலக்கைப் பார்க்காதீர்கள், திரையைப் பாருங்கள். மூன்றாவதாகத்தான் கிளிப்-ஆனின் முன் வளையத்தைத் திருப்பி இலக்கைத் தெளிவாக்க வேண்டும்.

இங்கே பலரும் செய்வது, பகல் பழக்கத்தில் இலக்கின் தூரத்துக்குப் பேரலாக்ஸைத் திருப்புவது. 50 மீட்டருக்குத் திருப்பியதும் படம் மங்கும். "கருவி ஃபோகஸ் ஆகலை" என்று பட்டறைக்கு வந்துவிடும்.

பேரலாக்ஸ் குமிழே இல்லாத ஸ்கோப் என்றால் அது எந்தத் தூரத்துக்கு நிலைநிறுத்தப்பட்டது என்று பாருங்கள். 100 கெஜம் என்றால் கிளிப்-ஆனோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஏர் ரைஃபிளுக்கென்று கிட்டத்துத் தூரத்துக்கு நிலைநிறுத்திய ஸ்கோப் ஒத்துப்போகாது, அதைத் திருப்பிச் சரிசெய்ய வெளியே குமிழும் இல்லை.

பின்பக்கக் கேமராவுக்கு வரிசை இது: கேமராவின் சொந்த ஃபோகஸில் குறுக்குக்கோட்டைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இலக்கின் தூரத்துக்குப் பேரலாக்ஸ் குமிழைத் திருப்புங்கள். குறியில் 50 என்று இருக்கும் இடத்தில் 50 மீட்டர் தெளிவாகாமல் கொஞ்சம் தள்ளித் தெளிவானால் பயப்பட வேண்டாம். அகச்சிவப்பு லென்ஸில் வளையும் அளவு வேறு. குமிழில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக்குப் பேரலாக்ஸ் குமிழ் இல்லாத ஸ்கோப்பை நான் சிபாரிசு செய்வதே இல்லை.

குறி தவறுகிறது

பின்பக்கக் கேமரா என்றால், குறுக்குக்கோடும் இலக்கும் ஸ்கோப்புக்குள் ஒன்றாகச் சேர்ந்த பிறகே கேமரா படம் பிடிக்கிறது. கேமரா கொஞ்சம் கோணலாக இருந்தாலும் குறி மாறக்கூடாது. மாறினால் பேரலாக்ஸ் சரியில்லை, அல்லது கேமராவின் எடை ஸ்கோப்பை ரிங்குக்குள் நகர்த்தியிருக்கிறது. ரிங் விளிம்பில் ஸ்கோப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நகர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

கிளிப்-ஆனில் குறி மாறுவது வேறு விதம். அது அனுப்பும் படம் ஒரு மில்லிரேடியன் (கோண அளவு) சாய்ந்தால் குறி 100 மீட்டரில் 10 செ.மீ. விலகும். சோதிப்பது எளிது. பகலிலும் வேலை செய்யும் டிஜிட்டல் அல்லது வெப்பக் கருவியாக இருக்க வேண்டும். ட்யூப் கருவியைப் பகல் வெளிச்சத்தில் திறந்து போடாதீர்கள், ட்யூப் பாழாகும். காலித் துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தூரத்தில் ஒரு குறியைக் குறுக்குக்கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். வெப்பக் கருவிக்குச் சூடான ஏதாவது ஒன்றைக் குறியாக வைக்க வேண்டும். கிளிப்-ஆனைப் பூட்டிப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள், மறுபடி பூட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் நல்ல செய்தி. பல வெப்பக் கிளிப்-ஆன்களின் மெனுவிலேயே அதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. இல்லையென்றால் ஸ்கோப்பின் குறி திருத்தும் குமிழில் அத்தனை கிளிக் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம், 0.1 மில்லிரேடியன் கிளிக் ஒன்றுக்கு 100 மீட்டரில் 1 செ.மீ. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் விலகினால் பூட்டு சரியில்லை.

பூட்டு சரியில்லாமல் போக முக்கியக் காரணம் அடாப்டர். ஸ்கோப்பின் முன் கழுத்தைப் பிடித்துத் தொங்கும் அடாப்டர், வெளி விட்டத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 50 மி.மீ. ஸ்கோப் என்றால் லென்ஸ்தான் 50. வெளி விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) வைத்து விளிம்பிலும், நடுவிலும், கொஞ்சம் உள்ளே தள்ளியும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் கழுத்து நேர். குவிந்து இறங்கினால் எந்த அடாப்டரும் நிலையாகப் பிடிக்காது. போன மாதம் ஒருவர் இடைவெளியை இன்சுலேஷன் டேப் சுற்றி நிரப்பிக் கொண்டுவந்தார். வெயிலில் பசை இளகி, டேப் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. சரியான அளவு வளையத்தைக் கடைந்து போட்டதும் அலைச்சல் நின்றது.

கருவி கனமாக இருந்தால் ஸ்கோப்பில் தொங்கவிடாமல், ஸ்கோப்புக்கு முன்னால் நீளும் ரயிலில் (துப்பாக்கியின் மேல் உள்ள பூட்டுப் பட்டை) பூட்டுவதே நல்லது. அப்படியானால் ஸ்கோப்பின் உயரமும் கிளிப்-ஆனின் உயரமும் ஓரளவு ஒத்துவர வேண்டும், ரிங் வாங்கும்போது இதையும் அளந்துகொள்ளுங்கள்.

வெள்ளைப் புகை மாதிரி ஒரு மூட்டம்

ஐஆர் விளக்கைக் கையால் மறையுங்கள். மூட்டம் போனால் வெளிச்சம் பக்கத்திலேயே எதிலோ பட்டுத் திரும்புகிறது. குழலின் மேற்பரப்பு, ஸ்கோப்பின் முன் விளிம்பு, அல்லது காற்றில் உள்ள பனியும் தூசியும். விளக்கை இன்னும் முன்னால் தள்ளுங்கள், கற்றையைக் குறுக்குங்கள், பிரகாசத்தைக் குறையுங்கள். டிசம்பர் விடியலில் நந்தி மலைப் பக்கம் இறங்கும் பனியில் ஐஆர் விளக்கு எதற்கும் உதவாது. அந்த நேரத்துக்கு வெப்பக் கருவி பரவாயில்லை, அதுவும் அடர்ந்த பனியில் திணறும்.

விளக்கை அணைத்தும் மூட்டம் இருந்தால் லென்ஸில் ஈரம். குளிர்ந்த காரிலிருந்து எடுத்ததும் படியும். மூடியோடு கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள், தேய்க்காதீர்கள்.

இரவில் குறுக்குக்கோடு காணாமல் போகிறது

முதல் குவியத் தளத்தில் கோடு உள்ள ஸ்கோப்பில், ஜூமைக் குறைத்தால் கோடும் மெலியும். இரவு வேலை நடப்பதோ குறைந்த ஜூமில். பகலில் 15 மடங்கில் அழகாகத் தெரிந்த நுண்ணிய கட்டம், நான்கில் மயிரிழையாகிவிடும். ஆகவே ஜூம் மாறினாலும் தடிமன் மாறாத இரண்டாம் தளக் கோடு, அல்லது நடுவில் தடித்த அமைப்புள்ள முதல் தளக் கோடு என்று தேர்ந்தெடுங்கள்.

ஒளிரும் கோடு இருந்தால் உதவும், அதில் மிகக் குறைந்த படிகள் இருக்க வேண்டும். பகலுக்கான பிரகாசத்தில் விட்டால் பின்பக்கக் கேமராவில் நடுப்புள்ளி வீங்கி இலக்கையே மறைத்துவிடும். கடையில் சோதிக்கும்போது மிகக் கீழ்ப் படியில் வைத்து, ஐபீஸைக் கையால் பொத்திக்கொண்டு பாருங்கள். அந்த இருட்டிலும் கண் கூசினால் அந்த ஸ்கோப் வேண்டாம்.

கழுத்து வலிக்கிறது, கண்ணுக்கு எட்டவில்லை

பின்பக்கக் கேமராவுக்கு மட்டும் வரும் தொல்லை. கேமராவின் நீளம் முழுவதும் உங்கள் முகத்தைப் பின்னால் தள்ளுகிறது. அதைச் சமாளிக்க ஸ்கோப்பை முன்னால் தள்ள வேண்டும், தள்ள ரயிலில் இடம் வேண்டும், ஸ்கோப்பின் நேர்க்குழாயும் ரிங் பிடிக்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். குட்டையான ஸ்கோப்புகள் இங்கேதான் தோற்கின்றன. பின்னுதைப்பு உள்ள துப்பாக்கியில் கேமராவை நெற்றிக்கு ஒட்டி வைத்துப் பழகினால் புருவம் கிழியும். இடைவெளி போதவில்லை என்றால் இந்த வகையை விட்டுவிட்டு கிளிப்-ஆனுக்குப் போங்கள். அங்கே முகம் பகலில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வாங்கப் போகும்போது உங்கள் இரவுக் கருவியையும், ஒரு வெர்னியரையும், டிவி ரிமோட்டையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் இல்லையென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கருவியை ஸ்கோப்பில் பூட்டி, கடையின் விளக்கை அணைத்துப் பார்க்க விடச் சொல்லுங்கள். விட மறுத்தால் வேறு கடை பாருங்கள்.